மோதிர விரல்

ஜூன் 9, திங்கள்

லிஸ்பனிலிருந்து நேற்று மதியம் வந்து சேர்ந்தேன். துணிகளை ஊறவைத்தாயிற்று. பதினோரு நாள் பூட்டிக் கிடந்த அறையில் ஈர வாடை. ஜன்னலைத் திறந்துவைத்தேன். கிதார் பெட்டியை மட்டும் இன்னும் திறக்கவில்லை. மரம் சென்னை வெக்கைக்குப் பழக ஒரு நாள் ஆகும் என்று ரோஸ்லின் அக்காவிடம் சொன்னேன். இந்தப் புரசைவாக்கம் வீட்டில் நானும் அவளும் எட்டு வருடமாக ஒன்றாக இருக்கிறோம். எந்த ஊரிலிருந்து வந்தாலும் நான் முதலில் திறப்பது அந்தப் பெட்டியைத்தான் என்பது அவளுக்குத் தெரியும். பெட்டியைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சாப்பிடும்போது கச்சேரி எப்படிப் போனது என்று கேட்டாள். நன்றாகப் போனது, கடைசி உருப்படியில் மட்டும் தாளம் கொஞ்சம் தவறிவிட்டது என்றேன்.

"யாருக்கு, கஞ்சிரா அம்பலத்துக்கா?" என்றாள்.

சொதி நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூன் 14, சனி

விமர்சனம் வந்துவிட்டது. உலக இசை கேட்கிறவர்கள் எல்லாரும் பார்க்கிற இணையதளம். என் கிதாரைப் பற்றி இரண்டு பத்தி. கண்ணாடி மேல் விழும் மழை என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு வாக்கியம்: "இறுதி உருப்படியில் கஞ்சிரா கலைஞர் எண்ணிக்கையைத் தவறவிட்டது இந்த அருமையான மாலையின் ஒரே குறை."

மூன்று முறை படித்தேன்.

திருச்சிற்றம்பலம் அண்ணனோடு பதினாறு வருடம் வாசித்துவிட்டேன். மயிலாடுதுறைக்காரர். மிருதங்கத்தில் தொடங்கி, போகிற இடமெல்லாம் தோள்பையில் கொண்டுபோகலாம் என்று கஞ்சிராவுக்கு வந்தவர். வெளிநாட்டு ஹோட்டல் அறைகளில் சின்ன மின்சாரக் குக்கரில் சோறு வடித்து, ரசம் வைத்து, என்னையும் கூப்பிட்டு உட்காரவைப்பார். தாளக்காரருக்கு எண்ணிக்கை தவறியது என்று எழுதுவது, சமையல்காரர் சோற்றில் கல் என்று எழுதுவதைவிட மோசம். இந்தத் தளத்தை அவர் படிக்கமாட்டார். யாராவது அனுப்பாமல் இருக்க வேண்டும்.

நான் அனுப்பவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வலது கைக்கு வெந்நீர் ஒத்தடம். பயணத்தின் அசதி.

ஜூன் 23, திங்கள்

யூர்கனிடமிருந்து மின்னஞ்சல். ஹாம்பர்கில் சின்ன இசைத்தட்டு நிறுவனம் வைத்திருப்பவர், எங்கள் மூன்று ஆல்பங்களை வெளியிட்டவர். லிஸ்பன் கச்சேரிப் பதிவு மிக நன்றாக வந்திருக்கிறதாம். கடைசி உருப்படியில் கஞ்சிராவை எடுத்துவிட்டு பிரஸ்ஸல்ஸ்காரர் ஒருவரை வைத்துப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாமாம். நவம்பர் சுற்றுப்பயணத்துக்கும் அவரையே வைத்துக்கொள்வது நல்லதென்று நினைக்கிறாராம். என் கருத்து என்ன என்று கேட்டிருக்கிறார்.

"உங்கள் முடிவுக்கே விடுகிறேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு மாவு அரைக்கப் போனேன். அக்கா உளுந்து அதிகமாகப் போட்டிருந்தாள்.

ஜூலை 2, புதன்

பிப்ரவரியில் மும்பையில் ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்க வேண்டும். அறுபது பேர் வாத்தியங்களோடு சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் ஒற்றைக் கிதார். இருபது வருடமாக நான் காத்திருந்த மேடை. அதற்கு என்னைப் பற்றி ஐந்து வரி கேட்டிருக்கிறார்கள். காலை முழுதும் அதில் போனது.

தூத்துக்குடியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் மாதா கோயில் பாடகர் குழுவில் முதல்முறையாகக் கிதாரைத் தொட்டவர். ஸ்பெயினில் கோர்தோபா நகரில் நான்கு வருடம் செவ்வியல் கிதார் படித்தவர். முப்பது வயதுக்குப் பிறகு, தாளில் எழுதிவைத்த இசையோடு நில்லாமல் லிஸ்பனின் ஃபாடோ பாடகர்களோடும், அம்மானின் ஊத் கலைஞர்களோடும், காம்பியாவின் கோரா கலைஞர்களோடும் வாசித்துவருபவர். கஞ்சிரா கலைஞர் திருச்சிற்றம்பலத்துடன் இருபத்து மூன்று நாடுகளில் கச்சேரி செய்தவர்.

கடைசி வரியை எடுத்தேன். திரும்பச் சேர்த்தேன். பிறகு எடுத்துவிட்டேன். ஐந்து வரிதான் கேட்டிருக்கிறார்கள்.

ஜூலை 11, வெள்ளி

இன்று அக்கா அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். தலைமையாசிரியையாக இருந்தவள். அவள் அப்படி வந்து உட்கார்ந்தால் எழுந்து போகமாட்டாள் என்று அர்த்தம்.

"ஒரு மாசமா கதவப் பூட்டிக்கிட்டு உள்ள இருக்க. சத்தம் வருது. ஆனா அது நீ வாசிக்கிற சத்தம் இல்லட்டி. பழைய பதிவ ஓடவிடுத."

கம்ப்யூட்டரில் பாடம் கேட்கிறேன் என்றேன்.

"எனக்கு இசை தெரியாது. ஆனா மனுஷங்க பொய் சொன்னா தெரியும். முப்பத்து நாலு வருஷம் பிள்ளைங்களப் பாத்திருக்கேன்."

அவள் போன பிறகு கிதாரை எடுத்து ட்ரெமோலோ வாசித்தேன். கட்டைவிரல் தடித்த மந்தரக் கம்பியைத் தொட, மோதிர விரலும் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றன்பின் ஒன்றாக மெல்லிய கம்பியைத் தொட்டுக்கொண்டே ஓட வேண்டும். வேகமாக ஓடினால் ஒரே சுரம் அறுபடாமல் நீண்டு ஒலிப்பதுபோல் கேட்கும். என் பெயர் அதில்தான் வந்தது. இன்று நாலைந்து நொடிக்கு மேல் போகவில்லை. மோதிர விரல் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டது. இழுத்து நீட்டினேன். மறுபடி சுருண்டது.

வலி இல்லை. அதுதான் விசித்திரம். இதே விரலால் காலையில் வெங்காயம் நறுக்கினேன், இதோ எழுதிக்கொண்டும் இருக்கிறேன். கிதாரில் வைத்தால் மட்டும் சொல்பேச்சுக் கேட்பதில்லை.

ஜூலை 16, புதன்

நரம்பியல் மருத்துவரிடம் போனோம். கிதாரையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார். சிறிய அறை. அவர், நான், அக்கா. வாசிக்கச் சொன்னார். கைபேசியில் என் விரல்களைப் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிக் காட்டினார். நத்தை ஓட்டுக்குள் போவதுபோல் விரல் உள்ளே போவது தெளிவாகத் தெரிந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஃபோகல் டிஸ்டோனியா என்று பெயராம். ஒரே அசைவைப் பல ஆயிரம் தடவை செய்கிறவர்களுக்கு வருகிறதாம். விரலில் கோளாறு இல்லை, மூளை விரலுக்கு அனுப்புகிற கட்டளையில் கோளாறு. ஊசி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, சிலருக்குக் கொஞ்சம் குறைகிறது. பழையபடி ஆகுமா என்று கேட்டேன். அப்படி உறுதி சொல்லமுடியாது என்றார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை.

எப்போதிலிருந்து என்று கேட்டார். நான்கு மாதமாக என்றேன்.

ஜூலை 17, வியாழன்

நோட்டுகளை அடுக்கி வைத்தேன். எந்த இடத்தில் எந்த விரல் என்று பென்சிலில் குறித்துக்கொள்வது என் வழக்கம். மோதிர விரலுக்கு 'மோ' என்று போடுவேன். பல பக்கங்களில் 'மோ'வை அழித்து 'ஆ' என்று ஆள்காட்டி விரலுக்கு மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தேதி போட்டிருக்கிறேன். பழையது, போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஆகஸ்ட்.

மருத்துவரிடம் நான்கு மாதம் என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

அம்பலண்ணன் போன் செய்தார். லிஸ்பனுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. மழை இல்லை, மாயூரத்தில் வெயில் கொளுத்துகிறது, வீட்டுக்காரி கோமதிக்கு முட்டி வலி, இப்படியே கொஞ்ச நேரம் போனது. நவம்பர் பயணத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வைக்கும் முன் கேட்டார். "வேற ஏதும் சொல்லணுமாம்மா?"

இல்லைண்ணே என்றேன்.

"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் வயலின் வாசிக்கும் எமில்டாவைப் பார்த்தேன். டிசம்பர் சீசனில் அம்பலத்துக்கு இருந்த மூன்று கச்சேரிகளையும் சபாக்காரர்கள் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். வெளிநாட்டில் கணக்கு விட்டுவிட்டார் என்று பேச்சு. வயதாகிவிட்டது என்கிறார்களாம். அவருக்கு ஐம்பத்து மூன்று.

"நீங்க கூடவே இருந்தீங்களே, நிஜமாவா?" என்று எமில்டா கேட்டாள்.

ஆட்டோ வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

பக்காரி வந்துவிட்டார். காம்பியாவிலிருந்து இரண்டு விமானம் மாறி. ஒரு வருடம் முன்பே பேசிவைத்தது. மூன்று வாரம் இங்கே தங்கி நான், அவர், அம்பலண்ணன் மூவரும் சேர்ந்து புதிதாகச் சில உருப்படிகள் அமைப்பதாகத் திட்டம். வரவேண்டாம் என்று எழுத நாலைந்து தடவை உட்கார்ந்தேன். என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

பெரிய சுரைக்குடுக்கையில் தோல் கட்டி இருபத்தொரு கம்பி பூட்டிய அந்தக் கோராவைப் பார்த்துவிட்டு, இதை விமானத்தில் எப்படி ஏற்றினார்கள் என்று அக்கா கேட்டாள். தனக்குப் பக்கத்து இருக்கையில் என்றார். அக்கா சிரித்தாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுப் பல நாள் ஆயிற்று.

அம்பலம் எங்கே என்று கேட்டார். ஊரில் வேலையாக இருக்கிறார் என்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நான்கு நாளாக ஏதேதோ சாக்குச் சொல்லி வாசிக்காமல் தள்ளிவந்தேன். இன்று முடியவில்லை. இரண்டு நிமிடம் வாசித்திருப்பேன். பக்காரி கோராவைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து என் கையைப் பார்த்தார். அவருடைய ஒன்றுவிட்ட அண்ணனுக்கும் இப்படி வந்ததாம். ஒரு கல்யாண வீட்டில் மூன்று நாள் தொடர்ந்து வாசித்த பிறகு.

அவர் என்ன செய்தார் என்று கேட்டேன். இப்போது மீன் வண்டி ஓட்டுகிறார் என்றார்.

சொல்லிவிட்டு அவர் ஆறுதல் சொல்லவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

பத்து வருடமாகக் கோராவோடு வாசிக்கிறேன். ஆனால் இன்றுதான் அந்தக் கைகளை ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு கையிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் கம்பியைத் தொடுகின்றன. மற்ற மூன்று விரலும் பக்கத்திலுள்ள மரக்கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு சும்மா இருக்கின்றன. இருபத்தொரு கம்பிக்கு நாலே விரல்.

என் பார்வை போகிற இடத்தைப் பக்காரி கவனித்துவிட்டார். மேசையிலிருந்த அழிப்பானை இரண்டாக வெட்டி ஒரு துண்டை என் கையில் வைத்து, மூன்று விரலாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அந்த விரல்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கொடு, மற்ற இரண்டையும் வேலைக்கு விடு என்றார்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல். கட்டைவிரல், ஆள்காட்டி விரல். மாட்டுவண்டி வேகம். ஆனால் எதுவும் சுருளவில்லை. முக்கால் மணி நேரம் வாசித்தேன். ட்ரெமோலோ இல்லை, நான் படித்த பாதி இசை இனி இந்தக் கையில் ஏறாது. மீதி இருந்தது. கிதாரைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

லிஸ்பன் பதிவைக் கேட்கவேண்டும் என்றார் பக்காரி. யூர்கன் அனுப்பியிருந்த, எதுவும் மாற்றாத பதிவு. போட்டேன். கடைசி உருப்படி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது முறை கேட்டுவிட்டுச் சொன்னார்: இங்கே உன் கை நிற்கிறது. அவர் உன்னைப் பிடிக்க ஓடிவருகிறார்.

பிறகு கேட்டார்: அவர் ஏன் இங்கே இல்லை?

இதையாவது இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

கடைசி உருப்படி மிச்ர சாபு, ஏழு எண்ணிக்கை. அதன் நடுவில் என் ட்ரெமோலோ. மோதிர விரல் சுருண்டது. பயத்தில் இரண்டு எண்ணிக்கையை விழுங்கிவிட்டு அடுத்த பகுதிக்குத் தாவினேன். அண்ணன் தன் இடத்தில் நின்றிருந்தால், தவறியது கிதார்தான் என்று அரங்கத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அவர் நிற்கவில்லை. பிடித்துவைத்திருந்த தன் கணக்கை அறுத்துக்கொண்டு நான் தாவிய இடத்துக்கு வந்துவிட்டார். அதற்குள் நான் இன்னும் பயந்துபோய்ப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டேன். அவர் மட்டும் தனியாக நடுவில் நின்றார். கேட்டவர்களுக்கு அவர் தவறியதாகத்தான் தோன்றியிருக்கும்.

மேடைக்குப் பின்னால் விழாக்காரர் ஒருவர் வந்து என் தோளைத் தட்டி, தாளக்காரர்களுக்குச் சில நாள் இப்படி ஆகும், கவலைப்படாதீர்கள் என்றார். அண்ணன் இரண்டடி தள்ளி நின்று கஞ்சிராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும். நான் விழாக்காரரைப் பார்த்துப் புன்னகை செய்தேன்.

செப்டம்பர் 13, சனி

யூர்கனுக்கு எழுதினேன். தவறு என்னுடையது, இரண்டு வருடமாக என் கையில் கோளாறு, கஞ்சிராவில் ஒரு அடியைக்கூட மாற்றக்கூடாது. அந்த இணையதளத்துக்கு எழுதினேன். மூன்று சபா செயலாளர்களுக்கும் எழுதினேன். எமில்டாவுக்கும் அதையே அனுப்பி, யாருக்கு வேண்டுமானாலும் காட்டு என்றேன். மும்பைக்கு, பிப்ரவரியில் என்னால் வாசிக்க முடியாது என்று எழுதினேன். அதுதான் மிகச் சின்னக் கடிதம். அதற்குத்தான் அதிக நேரம் ஆனது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்பலத்துகிட்ட எப்பம் சொல்லப் போற?" என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பர் 15, திங்கள்

காலை ரயிலில் மயிலாடுதுறை. கூறைநாட்டில் வீடு. கோமதி அக்கா கதவைத் திறந்தார். உட்காருங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அண்ணன் ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மடித்து வைத்தார்.

ரயிலில் எவ்வளவோ யோசித்துவைத்திருந்தேன். ஒரே வரியில் சொல்லிவிட்டேன்.

"லிஸ்பன்ல தப்பு என்னுதுண்ணே."

"தெரியும்மா."

ஈசிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு "எந்த விரலு?" என்றார். நீட்டினேன். தொடாமல், குனிந்து பார்த்தார். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு இரண்டு வருஷமாக என்றேன். தலையை ஆட்டினார். அவருக்கும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான் இருந்திருக்கும்போல.

"பதினாறு வருஷமா ஒன் கையப் பாத்துத்தானே வாசிக்கிறேன். மேடையிலயே தெரிஞ்சுபோச்சு. நீயே சொல்லுவேன்னு இருந்தேன். ஜூன் போச்சு. நானே போன் பண்ணிக் கேட்டேன். இல்லன்னுட்ட."

நீங்களே வெளியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று உறைத்தது.

"நான் சொன்னா அது சமாளிப்பு. கணக்கு விட்டவன் எவனும் பக்கத்துல இருக்கறவன் மேலதான் போடுவான். நீ சொன்னாத்தான் அது உண்மை."

எல்லாருக்கும் கடிதம் எழுதிவிட்டதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு வாசல் பக்கம் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"விரல் போனது எனக்கும் வருத்தந்தாம்மா. மேடையில பயந்து போயி திரும்பினத ஒண்ணும் சொல்ல மாட்டேன், யாருக்கும் வரும். ஆனா அந்த ஜெர்மன்காரர் என்ன நீக்குனதுக்குக் காரணம் கேட்டேன். நீ எழுதுன வரிய அப்படியே அனுப்பிவெச்சாரு. உங்கள் முடிவுக்கே விடுகிறேன்னு. ஒக்காந்து நிதானமா எழுதுனதுதானே அது? அத என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியல."

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"அதக் கேக்காத. வந்தா நானே சொல்றேன்."

தெருமுனைவரை கூட வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். ரயில் நிலையத்துக்கு வழி சொன்னார், ஆட்டோக்காரரிடம்.

செப்டம்பர் 26, வெள்ளி

பக்காரி ஊருக்குக் கிளம்பினார். மூன்று உருப்படி அமைத்திருக்கிறோம், தாளம் இல்லாமல். தாளம் வரவேண்டிய இடங்களைக் காலியாகவே விட்டுவைப்போம் என்றார். விட்டுவைத்திருக்கிறோம்.

அக்டோபர் 10, வெள்ளி

பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. யூர்கன் மரியாதையாக எழுதியிருக்கிறார். நவம்பர் பயணம் ரத்து, ஆல்பம் தேதி சொல்லாமல் தள்ளிவைப்பு. இணையதளத்தில் என் கடிதத்தை அப்படியே போட்டிருக்கிறார்கள். கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். நேர்மையான கலைஞர் என்று பாராட்டியும் பலர் எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்கத்தான் கூசுகிறது. மூன்று சபாக்களில் ஒன்று அம்பலண்ணனைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. ஒன்றில், பட்டியல் அச்சாகிவிட்டது என்றார்கள். இன்னொன்றிலிருந்து பதில் இல்லை. நேரில் போனேன். செயலாளர் எனக்குக் காபி வரவழைத்து, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்.

நான் ஒரு மணி நேரத்தில் எழுதியதால் திரும்பி வந்தது ஒன்று. விமர்சனத்தின் ஒரு வரியால் போனது மூன்று.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கீழ்வீட்டிலிருந்து அதிரசம் கொடுத்தனுப்பினார்கள். வெடிச் சத்தத்தில் வாசிக்க முடியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

தினம் இரண்டு மணி நேரம், இரண்டு விரல். அழிப்பான் துண்டு தேய்ந்து இது நாலாவது. நாற்பத்தாறு வயதில் அரிச்சுவடி. முதலில் எனக்கு முடியாததெல்லாம்தான் கேட்டது: இங்கே ஐந்து சுரம் இருந்தது, இங்கே ஓட்டம் இருந்தது என்று. இப்போது மாலைகளில், இருக்கிற சுரம் எப்போது முடிகிறது என்று கேட்கமுடிகிறது. முன்பு அது முடிவதற்குள் அடுத்ததைப் போட்டுவிடுவேன்.

அக்கா, "இது நீ வாசிக்கிற சத்தந்தான்" என்றாள்.

டிசம்பர் 19, வெள்ளி

அம்பலண்ணனின் கச்சேரிக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனவர், ஒரு இடத்தில் ஒற்றைக் கையில் அடுக்கிய கணக்கு, தாளம் தொடங்கும் சமத்தில் வந்து விழுந்தபோது அரங்கமே "ஆஹா" என்றது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர், இவருக்கா கணக்கு தவறியது என்று தன் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

கும்பகோணத்தில் ஒரு கல்லூரி இசைக் குழுவினர் அழைத்திருக்கிறார்கள். ஜனவரி பதினொன்று. என்னால் இப்போது என்ன முடியும், என்ன முடியாது என்று விவரமாக எழுதினேன். முடிந்ததை வாசியுங்கள் என்று பதில் வந்தது. அம்பலண்ணனுக்கு ஒரு அட்டை போட்டேன். தேதி, இடம், நேரம். வாருங்கள் என்று எழுதவில்லை. அதற்கு எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

மாலை நான்கு மணி. நூறு பேர் உட்காரக்கூடிய கூடம், முக்கால்வாசி நிறைந்திருந்தது. தொடங்கும் முன், என் கையைப் பற்றி இரண்டு வாக்கியமும், லிஸ்பனைப் பற்றி இரண்டு வாக்கியமும் சொன்னேன். சொல்லி முடித்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். மூன்றாவது வரிசை ஓரத்தில் அம்பலண்ணன். பக்கத்தில் கோமதி அக்கா.

முதல் உருப்படி முழுதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது, பக்காரியோடு அமைத்தது. ஏழு எண்ணிக்கை. தாளத்துக்காகக் காலியாக விட்ட இடங்கள் நிறைய உள்ளன. அந்த இடங்களில் சும்மா இருப்பது பெரிய சிரமம். மேடையில் மௌனம் வந்தால் எனக்கு உள்ளே ஏதோ ஓடச்சொல்லும். ஒரு இடைவெளியில் தலையை நிமிர்த்தினேன். அவர் வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

முடிந்ததும் கூட்டம் சுற்றிக்கொண்டது. விலகிப் பார்த்தபோது இருவரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடினேன். பக்கத்தில் போய் நின்றேன். கோமதி அக்கா என் கையை ஒருமுறை பிடித்து விட்டார்.

"ரெண்டாவது உருப்படி" என்றார் அண்ணன். "நடுவுல கொஞ்சம் வேகமாப் போயிட்ட."

ஆமாண்ணே என்றேன்.

"அந்தக் காலி எடமெல்லாம் இன்னும் நீளமா வேணும். பயப்படாத. நிதானமா எடு."

பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை.

ஜனவரி 12, திங்கள்

காலை ரயிலில் வீடு வந்தேன். அக்கா புட்டு அவித்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு இரண்டாவது உருப்படியை நிதானமாக எடுத்து வாசித்துப் பார்த்தேன்.

அவர் சொன்னது சரி.